'கிடைக்கவில்லை' என்று எழுதுவோம்

ஜியோகேச்சிங் விளையாடுவோர் தம் பதிவில் எழுதக்கூடிய சொற்களுள் மிகவும் பயனுள்ளது 'கிடைக்கவில்லை' என்பதே. எழுதுவதற்கு எல்லோரும் தயங்குகிற சொல்லும் அதுவே. இந்த முரண்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்று சில மாதங்களாக நினைத்திருந்தேன். வெயிலில் அலைந்து தேடி வெறுங்கையோடு திரும்பும் எரிச்சலை என்ன செய்வது என்று, இவ்விளையாட்டில் புதிதாக இறங்கிய நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கான பதிலாகவும் இதைக் கொள்ளலாம். நீளமான பதிவுதான், பொறுமையுள்ளவர்கள் தொடர்க.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் குறிகையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000 மே 2 அன்று நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை பிசகிய கருவிகள் ஒரே இரவில் பத்து, இருபது மீட்டருக்குள் இடஞ்சுட்டத் தொடங்கின. மறுநாள், மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஆரெகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியில் சில பொருள்களை இட்டு மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். சில நாள்களிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் விளையாட்டுக்குப் பெயரும் சூட்டப்பட்டது. இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன. எண்களைக் கொண்டு இடத்தை அடைந்து, பெட்டியைத் தேடியெடுத்து, உள்ளிருக்கும் தாளில் கையொப்பமிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். பிறகு செயலியில் பதிவிட வேண்டும். கிடைத்தது என்றால் வரைபடத்தில் மஞ்சள் நிறச் சிரித்த முகம். கிடைக்கவில்லை என்றால் நீல நிற வாடிய முகம்.

சிக்கல் அந்த நீல முகத்தில்தான் தொடங்குகிறது.

முதலில், எரிச்சலுக்கு நியாயமான காரணங்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். 'முயற்சி திருவினையாக்கும்' வகை அறிவுரையால் அவை தீர்பவை அல்ல. கணக்கிட்டுப் பாருங்கள். இவ்விளையாட்டில் இடம் என்பது பாகைகளாலும், ஆயிரத்தில் ஒரு பங்குவரை எழுதப்பட்ட கலைகளாலும் குறிக்கப்படுகிறது. கடைசி எண்ணில் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக ஏறத்தாழ 1.85 மீட்டர் நகர்கிறோம். எனவே எண்கள் துல்லியமானவை என்ற நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் ஒளித்தவரின் கைப்பேசி ஐந்து மீட்டர் பிசகியிருக்கலாம். தேடுபவரின் கைப்பேசியும் ஐந்து மீட்டர் பிசகலாம். இரண்டையும் சேர்த்தால் பத்து மீட்டர் ஆரம் கொண்ட வட்டம்: 314 சதுர மீட்டர், அதாவது 3,300 சதுர அடிக்கு மேல். நடுத்தர வர்க்கக் குடியிருப்புகள் இரண்டு மூன்றை அடக்கக்கூடிய அந்தப் பரப்பில், விரல்நுனி அளவே உள்ள ஒரு குப்பியைத் தேடுகிறோம்.

இது சமதளத்துக்கான கணக்கு. ஐதராபாத்தில் சமதளம் ஏது? இந்நகரம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள கருங்கற்பாறைகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக, யாரோ அடுக்கிவைத்தது போல் நிற்கும் உருண்டைப் பாறைகள். ஐதராபாத் பல்கலைக்கழக வளாகத்திலிருக்கும் காளான் வடிவப் பாறையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அத்தகைய குவியலில் பரப்பு என்ற சொல்லே பொருளிழந்துவிடுகிறது. ஒவ்வொரு பாறைக்கும் ஓர் அடிவயிறு உண்டு, பக்கவாட்டில் இடுக்குகள் உண்டு. பாறைகள் வானத்தின் ஒரு பகுதியை மறைக்கின்றன. செயற்கைக்கோள் குறிகைகள் அவற்றில் பட்டுத் தெறித்துச் சுற்றிவருகின்றன. கைப்பேசியில் அம்புக்குறி ஒரு நொடி கிழக்கே நான்கு மீட்டர் என்கிறது, மறு நொடி மேற்கே ஒன்பது என்கிறது. இடுக்குகளில் தேளும் பாம்பும் குடியிருக்கும் என்பதால், கோல்விட்டுப் பார்க்காமல் கைவிட முடியாது.

அடுத்தது மனிதர்கள். "ஏம் வெதுகுதுன்னாரு?" என்று ஒருவர் தெலுங்கில் கேட்பார். "க்யா டூண்ட்ரே மியான்?" என்று இன்னொருவர் தக்கனியில் கேட்பார். விளையாட்டின் உலகளாவிய மரபு இத்தகைய வழிப்போக்கர்களிடமிருந்து பெட்டியை மறைக்கச் சொல்கிறது. இங்கே அந்த மரபை அப்படியே பின்பற்றுவது சரியாகாது என்பது என் கருத்து. 2007 ஆகஸ்ட் 25 அன்று லும்பினி பூங்காவிலும் கோகுல் சாட் கடையிலும் குண்டுகள் வெடித்த நகரம் இது. 2013 பிப்ரவரி 21 அன்று தில்சுக்நகரில் மீண்டும் வெடித்தது. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்ற அறிவிப்பைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையினர், பொது இடத்தில் குனிந்து பாறைக்கடியில் துழாவும் ஓர் அந்நியரை ஐயத்தோடு பார்ப்பதில் தவறேதுமில்லை. அவர்களிடம் கைப்பேசித் திரையைக் காட்டி உள்ளதை உள்ளபடி சொல்வதே முறை. காவலர் போகச் சொன்னால் போய்விட வேண்டும். சிகந்திராபாத் படைமுகாமும் பாதுகாப்பு ஆய்வகங்களும் நிறைந்த இந்நகரில், கண்காணிப்புக்குரிய இடங்களின் அருகில் தேடலைப் பாதியில் விடுவது பொதுவாழ்வின் ஒழுங்கு. தனியாகத் தேடும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. ஆறு மணிக்கு மேல் ஒரு பாறைக்குவியலில் அவர் செலவிடக்கூடிய நிமிடங்களும் ஓர் ஆண் செலவிடக்கூடிய நிமிடங்களும் ஒன்றல்ல. ஆகவே யார் எத்தனை கண்டுபிடித்தார் என்ற எண்ணிக்கைப் பட்டியல் திறமையை மட்டும் அளப்பதாக எண்ணுவது அறியாமை.

இத்தனை காரணங்களுக்குப் பிறகு வெறுங்கையோடு திரும்புகிறோம். அப்போது என்ன செய்கிறோம் என்பதில்தான் விளையாட்டின் அறம் இருக்கிறது.

பலர் செய்வது மௌனம். போனதே இல்லை என்பது போல இருந்துவிடுகிறார்கள். வரைபடத்தில் நீல முகம் வேண்டாம் என்ற சின்னஞ்சிறு கூச்சம். அதன் விளைவு சிறிதன்று. பெட்டியை வைத்தவருக்கு, அது காணாமற்போயிருக்கலாம் என்ற செய்தி போய்ச் சேர்வதில்லை. அடுத்து வருபவர், கடைசிப் பதிவில் 'கிடைத்தது' என்றிருப்பதைக் கண்டு நம்பிக்கையோடு இரண்டு பேருந்து மாறி வந்து, அதே வெயிலில் அதே பாறையைச் சுற்றுகிறார். அவரும் மௌனமாகத் திரும்புகிறார். ஐந்து பேர் தனித்தனியே தம்மை மட்டுமே நொந்துகொண்டு திரும்பிய இடத்தில், முதலாமவர் ஒரு வரி எழுதியிருந்தால் மற்ற நால்வருக்கும் மனச்சோர்வு மிஞ்சியிருக்காது. இவ்விளையாட்டின் எரிச்சலில் பெரும்பகுதி, நமக்கு முன் வந்தவர்கள் எழுதாமல் விட்டதால் விளைவது என்றே நினைக்கிறேன்.

வேறு சிலர் செய்வது இதைவிடக் கேடானது. தேடிக் களைத்ததும், பையிலிருந்து ஒரு புதிய குப்பியை எடுத்து, அதில் ஒரு தாளைச் செருகி, தாமே கையொப்பமிட்டு, பொருத்தமான ஓர் இடுக்கில் வைத்துவிட்டுக் 'கிடைத்தது' என்று பதிவிடுவது. இதற்கு 'த்ரோடவுன்' என்று பெயர். பழைய பெட்டி தொலைந்திருக்கும், நாம் உதவிதானே செய்தோம் என்று இதற்கு நியாயம் சொல்வார்கள். பழைய பெட்டி தொலைந்தது என்று எப்படித் தெரியும்? கிடைக்கவில்லை என்பது மட்டுமே தெரியும். இரண்டும் வெவ்வேறு செய்திகள். பல வேளைகளில் அசல் பெட்டி இரண்டு மீட்டர் தள்ளி அப்படியே இருக்கும். இப்போது ஓரிடத்தில் இரண்டு பெட்டிகள், இரண்டு பதிவேடுகள், எது மெய் என்ற குழப்பம். வைத்தவர் எண்ணி எண்ணி அமைத்த புதிருக்குப் பதிலாக, களைத்துப்போன ஒருவர் அவசரத்தில் செருகிய பிளாஸ்டிக் குப்பியே பின்வருவோருக்குக் கிடைக்கிறது.

ஆய்வுத்துறையில் இருப்பவர்களுக்கு இந்தச் செயல் ஏற்கெனவே பழக்கமான ஒன்று. எதிர்பார்த்த தரவு கிடைக்காதபோது, கிடைத்திருக்க வேண்டிய தரவை நாமே செய்துவைப்பதற்கு அங்கே வேறு பெயர் உண்டு. முதல் வகையினரின் மௌனத்துக்கும் பெயர் உண்டு. உளவியலாளர் ராபர்ட் ரோசன்தால் 1979இல் அதை 'கோப்பு இழுப்பறைச் சிக்கல்' என்று அழைத்தார். விளைவு கண்ட ஆய்வுகள் இதழ்களில் அச்சேறுகின்றன. விளைவு காணாதவை மேசை இழுப்பறையில் உறங்குகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உலகில் எல்லாச் சோதனைகளும் வெற்றிபெறுவது போன்ற தோற்றம் உண்டாகிறது. தம் சோதனை மட்டும் தோற்றது என்று ஓர் இளம் ஆய்வாளர் விடுதி அறையில் உட்கார்ந்து மறுகுவதற்கு அந்தத் தோற்றமும் ஒரு காரணம். மஞ்சள் முகங்கள் மட்டுமே நிறைந்த வரைபடம் செய்வதும் இதையேதான்.

ஆவணக் காப்பகங்களில் வேலை செய்தவர்கள் இன்னொன்றையும் அறிவார்கள். ஒரு கோப்பைக் கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்போம். இரண்டு நாள் கழித்து, அதே சீட்டின் பின்புறம் 'கிடைக்கவில்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பும். அந்தக் கணம் கசப்பானது. ஆனால் அந்தச் சீட்டைக் கிழித்தெறியாமல் தேதியிட்டு வைத்துக்கொள்ளும் ஆய்வாளரே பின்னொரு நாள், இன்ன கோப்பு இன்ன ஆண்டில் அடுக்கில் இல்லை என்று உறுதியாக எழுத முடியும்.

தமிழில் இவ்வகைப் பதிவுக்கு மிக உயர்ந்த முன்மாதிரி உ.வே. சாமிநாதையர். 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1898இல் மணிமேகலை என்று அவர் கண்டெடுத்துப் பதிப்பித்தவற்றையே நாம் கொண்டாடுகிறோம். கொண்டாட்டத்துக்குரியவையே அவை. ஆனால் 'என் சரித்திரம்' நூலைப் படித்தவர்கள் அதில் வெறுங்கையோடு திரும்பிய பயணங்களும் பதிவாகியிருப்பதைக் கவனித்திருப்பார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனபோது, அவை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்று அறிந்ததை எழுதுகிறார். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட ஏடுகளைப் பற்றி எழுதுகிறார். வளையாபதி ஏட்டை இளமையில் திருவாவடுதுறை மடத்தில் பார்த்ததையும், பிற்காலத்தில் பதிப்பிக்கத் தேடியபோது அது அகப்படாததையும் சொல்லியிருக்கிறார். வளையாபதி இன்று நமக்கு எஞ்சியிருப்பது சிதறிய செய்யுள்களாக மட்டுமே. முழு ஏடு ஒரு காலத்தில் இன்ன இடத்தில் இருந்தது, பின்னர் இல்லை என்ற செய்தியாவது நம்மிடம் இருப்பதற்குக் காரணம், அவர் தம் ஏமாற்றத்தைப் பதிவாக்கியதுதான். அவர் வெற்றிகளை மட்டும் எழுதியிருந்தால், ஓலைச்சுவடிகள் எவ்வாறெல்லாம் அழிந்தன என்ற வரலாற்றின் பெரும்பகுதியை இழந்திருப்போம்.

ஒரு பொழுதுபோக்கை ஏட்டுச்சுவடித் தேடலோடு ஒப்பிடுவது மிகையல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். பொருளின் மதிப்பில் ஒப்புமை இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு பிளாஸ்டிக் குப்பி காணாமற்போனால் உலகம் எதையும் இழப்பதில்லை. நான் ஒப்பிடுவது தேடுபவரின் பழக்கத்தை. நேர்மையாகப் பதிவிடும் பழக்கம் பெரிய காரியங்களில் திடீரென்று வந்துவிடாது. யாரும் பார்க்காத, யாருக்கும் நட்டமில்லாத சிறு விளையாட்டில் நீல முகத்தை ஏற்க முடியாதவர், பட்டமும் பதவியும் பணயமாக இருக்கும்போது அதை ஏற்பார் என்று நம்புவது கடினம்.

மேலும், காணாமற்போவது எப்போதும் குப்பி மட்டுமாக இருப்பதில்லை. இந்நகரில் சில வேளைகளில் அது ஒளிந்திருந்த பாறையே காணாமற்போகிறது. ஐதராபாத்தின் பாறைகளைக் காப்பதற்கென்றே 1996இல் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டு இன்றுவரை இயங்குகிறது என்றால், அவை எவ்வளவு வேகமாக உடைபடுகின்றன என்பதை ஊகிக்கலாம். 2025 மார்ச் இறுதியில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்சா கச்சிபவுலியின் 400 ஏக்கரில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கி மரங்களைச் சாய்த்தன. மாணவர்கள் போராடினார்கள், ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் பணிகளை நிறுத்தியது. அந்த நாள்களில் மிகவும் தேவைப்பட்டவை எளிய சான்றுகள்: இன்ன இடத்தில் இன்னது இருந்தது, இன்ன நாளில் பார்த்தோம், இன்ன நாளில் இல்லை. நிலம் யாருடையது என்ற வழக்கில் ஒரு விளையாட்டுப் பதிவு சாட்சியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இடக்குறியீடும் நாளும் சேர்ந்த, நேர்மையாக எழுதப்பட்ட வரிகள் ஆண்டுக்கணக்கில் சேரும்போது, ஒரு நகரம் எங்கெங்கே மாறியது என்பதைச் சாதாரண மனிதர்களின் கால்களே எழுதிவைத்ததாகிறது. 'பாறை இருந்த இடத்தில் இப்போது தகர வேலி. கிடைக்கவில்லை' என்ற பதிவில் ஒரு மஞ்சள் முகத்தைவிடக் கூடுதல் செய்தி இருக்கிறது.

இனி, எரிச்சலைக் கையாள என்ன செய்யலாம் என்று கேட்ட நண்பர்களுக்கு, நான் பின்பற்றுகிற சில வழக்கங்களைச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன் கடினநிலை எண்ணையும் பழைய பதிவுகளையும் படித்துவிடுங்கள். கடைசியாக எழுதியவர் எந்தப் பருவத்தில் வந்தார் என்று பாருங்கள். மழைக்கு முன் எழுதியதென்றால், மழை எதையாவது நகர்த்தியிருக்கும்.

இடத்தை அடைந்ததும் கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள். அம்புக்குறியைத் துரத்துவதால் களைப்புதான் மிஞ்சும். வட்டத்துக்குள் வந்துவிட்டோம் என்றால் ஜிபிஎஸ்ஸின் வேலை முடிந்தது. நானாக இருந்தால் எங்கே ஒளித்திருப்பேன் என்ற கேள்வியே மிச்சம்.

நேர வரம்பு வையுங்கள். நாற்பது நிமிடம் என்றால் நாற்பது நிமிடம். இன்னும் ஒரு கல், இன்னும் ஒரே ஒரு கல் என்று போகிற தேடல் சூதாட்டத்தின் தன்மையை அடைந்துவிடும். அதற்கு மேல் புரட்டப்படும் கற்கள் கோபத்தில் புரட்டப்படுகின்றன. அவற்றைத் திரும்ப வைக்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. கோல்கொண்டா போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் சுவரில் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

திரும்பியதும் அன்றிரவே பதிவிடுங்கள். 'கிடைக்கவில்லை' என்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு நேரம் தேடினீர்கள், எங்கெங்கே பார்த்தீர்கள், இடம் எப்படி மாறியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். வைத்தவரைப் பழிக்க வேண்டாம். 'தொலைந்துவிட்டது' என்று தீர்ப்பும் சொல்ல வேண்டாம். அது அவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டியது. எழுதி முடித்ததும் எரிச்சல் பாதியாகக் குறைந்திருப்பதை நீங்களே உணர்வீர்கள். வீணாய்ப்போன மாலை ஒன்று அடுத்தவருக்குப் பயன்படும் மாலையாகிவிடுகிறது.

பெட்டி வைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீலப் பதிவுகளைக் குற்றச்சாட்டாகக் கருதி முகம் சுளிக்காதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்தவுடன் போய்ப் பாருங்கள். பராமரிக்க இயலாவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லாத பெட்டியை இருப்பதாகக் காட்டிக்கொண்டிருப்பது ஒருவகையில் த்ரோடவுனின் மறுபக்கம்.

டேவ் உல்மர் வைத்த அந்த முதல் வாளியும் இன்று அங்கே இல்லை. அவ்விடத்தில் ஒரு நினைவுப் பலகை மட்டும் இருக்கிறது. அதைப் பார்க்க மக்கள் இன்னும் போகிறார்கள். ஏமாற்றத்தை நேர்மையாகக் குறித்துவைக்கிற வழக்கத்தை வளர்த்துக்கொண்டோம் என்றால், பெட்டிகள் தொலைந்தாலும் இவ்விளையாட்டு தொலையாது.

இப்பதிவைப் படிப்பவர்களுள் ஜியோகேச்சிங் விளையாடுவோர் இருந்தால் ஒரு வேண்டுகோள். கடந்த ஓராண்டில் தேடிப் போய்க் கிடைக்காமல், எழுதாமல் விட்ட இடங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். செயலியைத் திறந்து, தேடிய நாளைக் குறிப்பிட்டு, அவற்றுக்கு ஒவ்வொரு வரி எழுதிவிடுங்கள். அடுத்து அங்கே போகவிருப்பவர் ஒருவேளை இப்போதே பேருந்துக்குக் காத்துக்கொண்டிருக்கலாம்.